லோயர் கேம்ப், இரவு ஒன்பதே கால்

குமுளியிலிருந்து கடைசி ஏலத்தோட்ட ஜீப்
இறங்கி வந்து நின்றது.
செக்போஸ்ட்டில் யாரோ நெற்றிக்குக் காய்ச்சல் துப்பாக்கி நீட்டி
போகலாம் என்றிருக்கிறார்கள்.

மொக்கைச்சாமி, அறுபத்தொன்று.
அவர் இருமலுக்கு லேப் கண்ணாடி அதிர்ந்தது.
"நான் பொழைக்க மாட்டேன் தம்பி" என்றவர்
அதே மூச்சில் டீ கேட்டார்.

பவுன்தாய், முப்பத்து நான்கு.
மூலையில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள்:
மாவு இருக்கு, சின்னவனுக்கு
ரெண்டு தோசை ஊத்திக் குடு,
எனக்கு ஒண்ணுமில்ல, சளிதான்.
ஒவ்வொரு துண்டுக்கும் நின்று
மூச்சு எடுத்துப் பேசினாள்.
அதை நான் அப்போது கவனிக்கவில்லை.
ஸ்பிரிட் தேய்த்தும் போகாமல்
முழங்கை மடிப்பில் ஏலவாசம்.

ஊதா மூடி, மஞ்சள் மூடி, நீல மூடி.
நீலத்தில் கோடு வரை நிறைய வேண்டும்;
குறைந்தால் உறைதல் கணக்கு பொய் சொல்லும்.

சென்ட்ரிஃபியூஜ் ஒற்றைக் குழாயை ஏற்காது.
எதிர்க்குழியில் சம எடை இல்லையென்றால்
மேசைமேல் நடக்க ஆரம்பித்துவிடும்.
தனியாய் யாராவது வரும் இரவில்
தண்ணீர்க் குழாய் ஒன்று வைப்பேன்.
இன்று வேண்டியிருக்கவில்லை.
அவருக்கு எதிரே அவள்.
பத்து நிமிடம்
இரைச்சலும் சத்தமின்மையும் ஒரே எடை.

மொக்கைச்சாமிக்கு சி.ஆர்.பி. ஒன்பது.
லிம்ஃபோசைட் முப்பத்தொன்று.
பீடியைக் குறைத்தால் போதும்.

பவுன்தாய்க்கு நூற்றி அறுபத்து நான்கு.
லிம்ஃபோசைட் ஏழு.
டி-டைமர், ஃபெரிட்டின் இரண்டுக்கும் பக்கத்தில்
மெஷின் சிவப்பு அம்பு போட்டிருந்தது, மேல் நோக்கி.

மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
பெயர் மாறியதோ என்று லேபிளைப் படித்தேன்.
கண்ட்ரோல் ஓட்டினேன். சலைன் கலந்து மறுபடி ஓட்டினேன்.
நூற்றி அறுபத்தொன்று.
மூன்று குறைந்ததில் ஒரு நொடி சந்தோஷம்,
உடனே வெட்கம்.

கதவிடுக்கில் பார்த்தேன்.
தன் பிஸ்கட்டில் பாதியை அவரிடம் நீட்டி
ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.
முகத்துக்கு இன்னும் தகவல் போகவில்லை.
ரத்தம் எனக்குச் சொல்லிவிட்டது.

ரெஜி டாக்டர் எண்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.
மறுமுனையில், மலையில், மழை.
"கோட்டயம் தூரம். தேனிக்கு எறக்கு.
ஆக்ஸிஜன் உள்ள வண்டியா வரச்சொல்லு.
நடக்க விடாதே."

விடிந்ததிலிருந்து சரிவில் ஏறி இறங்கியவளிடம்
போய்ச் சொன்னேன்: "எந்திரிக்காதீங்க."
"ரிசல்ட் வந்துருச்சா?"
"வந்துருச்சு."
"சளிதானே?"

வண்டி போனபின்
மொக்கைச்சாமி வெகுநேரம் இருமவில்லை.
டீ ஆறிக் கிடந்தது.

மிச்ச சீரத்தை இரண்டு நாள் வைக்கலாம்,
அப்புறம் கொட்டிவிட வேண்டும்.
இன்று நான்காம் நாள்.
க.விலக்கு ஆஸ்பத்திரியில் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
அவள் பெயர் ஒட்டிய குழாய்
இரண்டாம் தட்டில், இடது ஓரம்.
மேனேஜர் கேட்பார்.
கேட்கட்டும்.