மூச்சை விடலாம்

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க,
ஆச்சு, மூச்சை விடலாம்.
ஒரு நாளைக்கு நாற்பது முறை.
அந்தப் பழக்கத்தில்தானோ என்னவோ
புழக்கடைக் குளத்தையும் அசையாமல் வைத்திருந்தேன்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இடுப்பளவு ஆழம்.
மேட்டுப்பாளையத்தில் வாங்கிய ஏழு மீன்கள்
வளைவுக்கு வளைவு என் மடியில் குலுங்கி
பாலித்தீன் பையில் மலையேறி வந்தவை.

சித்திரை வெயில் ஒரு வாரம் நின்று அடித்தது.
எட்டாம் நாள் தண்ணீர் பட்டாணி சூப்.
முழங்கைவரை விட்டால் விரல் தெரியவில்லை.
இத்தனை மங்கலாய் ஒரு படமும் நான் எடுத்ததில்லை.

தண்ணீரை மாற்றினேன். மூன்றே நாளில் மறுபடி பச்சை.
மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுங்க என்றார் உரக்கடைக்காரர்.
யார் விரலுக்குச் சிட்டிகை என்று சொல்லவில்லை.
தண்ணீர் தெளிந்தது.
வயிறு காட்டி மிதந்த இரண்டு மீனும்
தெளிவாகத் தெரிந்தன.

மேல்தட்டில் போஜனின் கேரட்.
ராத்திரி மழைக்கு மறுநாள் வேலியோரம் நின்று சொன்னான்:
"மூட்டை மூட்டையா யூரியா போடுறேன் அக்கா.
பாதிய கேரட் தின்னுது.
மீதிய உங்க பாசி தின்னுது."
மன்னிப்புக் குரலும் இல்லை, பெருமைக் குரலும் இல்லை.
அவனே மண்வெட்டியோடு இறங்கி வந்து
முழ ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி
மேட்டுத் தண்ணீரை ஓடைப் பக்கம் திருப்பிவிட்டான்.
டீ போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை தூக்கலாக.

அப்புறம் எல்லாம் சில்லறை வேலை.
சில்வர் ஓக் சருகை அழுகுமுன் அள்ளுவது.
மீனுக்குப் பொரி, ஒரு பிடி அல்ல, ஒரு விரல்நுனி.
கொடிப்பாசியைப் பழைய சீப்பில் சிக்கெடுத்துச்
சுருட்டிச் சுருட்டி ரோஜா வேரில் போடுவது.
கரையோரம் வசம்பு.
நடுவில் ஆம்பல், பாதி வெயிலை இலை வாங்கிக்கொள்ள.
மூலையில் சின்ன மோட்டார், ஓயாத களகளப்பு.
அசைங்க, என்றேன் தண்ணீரிடம்.
மூச்சை விடுங்க.

ஆவணியில் ஒரு காலை
மூட்டம் விலகும்போது அடித்தரை தெரிந்தது.
கூழாங்கல், துணிக் கிளிப் ஒன்று,
போன வருஷம் தொலைந்த செடி வெட்டும் கத்தரி,
அதன்மேல் ஊர்ந்துபோகும் ஐந்து மீன்களின் நிழல்.
விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஒரு தெளிவு.

மடையானுக்கும் தெரிந்திருக்கிறது.
மறுநாள் கரைக்கல்லில் நின்றது,
மூச்சைப் பிடித்து, அசையாமல்,
என்னிடம் பாடம் கேட்டதுபோல.
கதவுத் தாழ்ப்பாளை நான் இழுப்பதற்குள்
மீன் நாலு.

வடக்குச் சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு
இப்போது சீப்பு போவதில்லை.
பாசி தன்பாட்டுக்குத் தொங்குகிறது.
வேலைக்குக் கிளம்புமுன் குனிந்து எண்ணுகிறேன்.
சில நாள் மூன்றுதான் வருகிறது.
நாலாவது உள்ளே இருக்கும் என்று
பஸ்ஸுக்கு நடக்கிறேன்.