வெங்காயம் உரித்த நேரம்

பதினோரு வருசம் செரங்கெட்டியில் இருந்தேன் என்றால்
கீழக்கரையில் எவரும் அடுத்துக் கேட்பது
சிங்கம் பாத்தியா மச்சான்.

பார்த்தேன்.
பெல்ஜியத்துக்காரர் கேமராவின் பின்பக்கத்தில்,
ஆம்லெட் தட்டை நீட்டிய கையோடு,
கட்டைவிரல் அளவுக்கு.

விடியுமுன் ஜீப்புகள் கிளம்பும்.
அதற்கும் முன்னால் எழுந்து மாவு பிசைந்தவன் நான்.
அவை திரும்பும் நேரம் மதியச் சோறு கொதிக்கும்.
பொய் சொல்லக்கூடாது,
வரிக்குதிரை கண்ணாரக் கண்டிருக்கிறேன்,
தண்ணீர் லாரியில் போன இரண்டு வெள்ளிக்கிழமை.
மற்றதெல்லாம் காதால்தான்.
ராத்திரி, சமையல் கூடாரத்துக்கு வெளியே,
இரும்புக் கட்டிலை யாரோ
சிமெண்டுத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம்.
"சிம்பா" என்பான் பாத்திரம் துலக்கும் பராகா,
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு.

இந்த மாசியில் படகு பேசியது என் மகள் ஷம்லா.
வாப்பாவும் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்கட்டும் என்று.
முள்ளிமுனையில் இருதயத்தின் நாட்டுப்படகு;
ஆளுக்கு நானூறு, டீசல் தனி.
மெஹராஜ் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினாள்.
நான் மண்ணெண்ணெய் அடுப்பை எடுத்துக்கொண்டேன்.
"வாப்பா..." என்றாள் ஷம்லா.
கிடக்கட்டும் என்றேன்.

அலையாத்தி ஓரத்துச் சேற்றில்
பூநாரைகள் தலை கவிழ்த்து நின்றன,
காதுத் திருகாணி தொலைத்தவர்கள்போல்.
ஷம்லா எண்ணினாள்.
நூற்றுப் பதினேழில் ஒரு செம்பருந்து வந்து
கணக்கைக் கிளப்பிவிட்டது.

வாடை அடங்கிய கடல்.
கழுத்தளவுத் தண்ணீர், அடியில் புல்.
இருதயம் இன்ஜினை நிறுத்தி
துடுப்பின் நுனியால் காட்டினார்:
புல்லுக்குள் வளைந்து போகும் வெறும் மண் தடம்,
பக்கத்திலேயே இன்னொன்று, ஒடுக்கமாய்.
"ஆவுளியா. நேத்து ராத்திரி மேஞ்சிருக்கு.
தாயும் குட்டியும்."

காத்திருந்தோம்.
ஒரு மணி நேரம். இன்னும் ஒன்று.
ஆலாக்கள் விழுந்து எழுந்தன.
ஒரு சொறிமீன் மிதந்து போனது, எங்கும் போகாததுபோல்.
வெயில் முதுகில் உட்கார்ந்தது.
எதிர்ப்பட்ட வத்தையிலிருந்து
யாரோ நாலு ஓரா மீனை எறிந்தார்கள்.
ஓரா கண்டபின் கை சும்மா இருக்குமா எனக்கு?
காற்றுக்கு மறைவாய், கிழக்குக்கு முதுகு காட்டி,
பின்னணியத்தில் அடுப்பைப் பற்றவைத்தேன்.
மீன் சட்டியில்.
அரிவாள்மனையில்லை; கத்தியால் வெங்காயம்.

அப்போதுதான் அது.
குக்கர் விசிலடிக்குமுன் விடுமே
ஒரு முதல் மூச்சு,
அது.

படகு கிழக்கே சாய்ந்தது,
மூன்று பேரும் ஒரே பக்கம் போனதில்.
ஷம்லாவின் வாய் "வாப்பா" என்றது, குரல் வரவில்லை.
நான் திரும்பினேன்,
கண் நிறைய வெங்காயத் தண்ணீர்.
தோசைக்கல்லில் எண்ணெய் பரவுவதுபோல்
கடல்மேல் ஒரு வட்டம்
விரிந்து, விரிந்து, கடலாகிவிட்டது.

மூக்குத் துளைக்கு மூடி இருக்கு என்றாள் மெஹராஜ்,
சாம்பல் எருமைபோல இருந்தது என்றாள்.
எருமையா, பழுப்பு என்றார் இருதயம்.
போனைப் போட்டுப் பார்த்தார்கள்:
வானம், இருதயத்தின் முழங்கை, மறுபடி வானம்,
பிறகு என் குரல்:
"மீன் கருகுது."

அவர்கள் சிரித்த சிரிப்பில் படகு குலுங்கியது.
திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள், இன்னொரு தடவையும்,
மூன்று தலையும் ஒரே போனுக்குள்.
அந்த நேரம் என் பக்கத்தில்,
கையெட்டும் தூரத்தில்,
இன்னொரு மூச்சு.
சின்னது.
முதலாவதைக் கேட்டுப் பழகியதுபோல்.

"குட்டி" என்றேன்.
எங்கே எங்கே என்றார்கள்.
கரண்டியால் காட்டினேன்.
தண்ணீர் இருந்தது அங்கே.

ஓரா நன்றாகத்தான் வந்திருந்தது.
உப்பு மட்டும் ஒரு கல் கூட.