குறிப்பாணைக்கு விளக்கம்

பெறுநர் மண்டல மேலாளர் என்று எழுதிவிட்டேன்.
பொருள்: அறுபத்திரண்டு மூட்டை நெல் இருப்புக் குறைவு.
அதற்குக் கீழே மூன்று நாளாகத் தாள் காலி.

விசாரணையன்று பேரேட்டை விரித்துக் காட்டினீர்கள்.
பக்கம் நாற்பத்தொன்றில் என் எழுத்து நேராக நிற்கிறது.
நாற்பத்திரண்டில் சாய்கிறது,
மாசிக் காற்றில் படுத்த பொன்னி மாதிரி.
நாற்பத்து நான்கில் எண் மட்டும்:
பதினேழு பதினேழு பதினேழு
பக்கம் தீரும்வரை பதினேழு.
ஈரப்பதத்தின் வரம்பு அது.
அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறினாலும்
வண்டியைத் திருப்பி அனுப்புவது நான்தான்.

சுமைதூக்கும் செல்லக்கண்ணு சொன்னது:
ஈரமானியைக் காதில் வைத்து யாருடனோ பேசினேனாம்.
படுதாவுக்குள் யாரோ மூச்சு விடுறாங்க என்று
குவியலைச் சுற்றிச் சுற்றி ஓடினேனாம்.
சாக்குத் தைக்கும் ஊசியை அவர் ஒளித்துவைத்தாராம்.
எல்லாம் ‘ஆம்’ ஒட்டிய வாக்கியங்கள்.
அந்த ஐந்து வாரத்துக்கு
‘ஏன்’ என்று முடிகிற சொந்த வினைமுற்று
ஒன்றுகூட என்னிடம் கிடையாது.

நாத்தனார் எலுமிச்சை அறுத்தாள்.
கணவர் குணசீலத்துக்கு வேன் பேசி முன்பணம் கொடுத்தார்.
மன்னார்குடி டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார்.
யாரையும் குறை சொல்லவில்லை ஐயா.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வலிப்பு வந்ததால்தான்
வண்டி தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனது.

ஸ்கேன் எடுத்தார்கள். படம் சுத்தம்.
ரெஹானா என்றொரு பயிற்சி டாக்டர்
படத்தை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தாளாம்.
இல்லாத வெற்றிலையை
நாளெல்லாம் மென்றுகொண்டிருந்ததாம் வாய்.
முதுகில் ஊசி இறக்கி நீர் எடுத்தார்கள்.
சென்னைக்குப் போய் எட்டாம் நாள் பதில் வந்தது:
மூளையில் அழற்சி.
என் உடம்பின் காவலாட்களே
என் மூளையின் கதவுகளைக் கள்ளன் என்று அடித்திருக்கிறார்கள்.
கதவு என்பது ரெஹானா சொன்ன சொல்.

தெளிந்தபின் கேட்டேன்: அவர்களுக்கு யார் ஆணை கொடுத்தது?
“சில பேருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும்.
உங்களுக்கு அதுவும் இல்ல. தெரியலக்கா.”
தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

நனைந்த நெல் சும்மா இருக்காது.
மேலே சாக்கு காய்ந்து கிடக்கும்,
உள்ளே கைவிட்டால் சுடும்.
குத்தூசி போட்டு இழுத்தால்
வெள்ளையாய் முளை வரும்.

ஸ்டீராய்டு ஐந்து நாள்.
பிறகு ரத்தத்தை வெளியே எடுத்து
வடித்துத் திரும்ப ஏற்றினார்கள்.
முகம் பூசணியாக ஊதியது.
முதலில் வந்தது பசி.
அப்புறம் கெட்ட வார்த்தைகள்.
அதற்கும் அப்புறம்தான் என் மகளின் பெயர்.
இந்த வரிசையை அவளிடம் சொல்லவில்லை.
இப்போதும் பொழுது சாய்ந்தால் சில சொல் நழுவும்.
நேற்று ‘சணல்’ என்ற சொல்லுக்காக
அடுப்பில் பாலை விட்டுவிட்டு நின்றேன்.

அறுபத்திரண்டு மூட்டை குறித்து:
அவை வந்தனவா, எடை போட்டேனா,
போடாமலே எழுதினேனா, அறியேன்.
சம்பளத்தில் பிடித்தம் என்றால் பிடியுங்கள்.
பேரேட்டின் நாற்பத்து நான்காம் பக்கத்துக்கு மட்டும்
ஒரு நகல் வேண்டும்.
அந்த மாசியில் நான் இருந்தேன் என்பதற்கு
என் கையால் ஆன சாட்சி
வேறில்லை.

இப்படிக்கு,
இரா. மங்கையர்க்கரசி,
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.

(கையொப்பம் நேராகத்தான் வந்திருக்கிறது. பாருங்கள்.)