தயாரிப்பு: போதாது

என் கையெழுத்துதான் அது.
பதுளை ஆஸ்பத்திரி, கமரா அறை,
பெப்ரவரியில் ஒரு வியாழன், பட்டியலில் ஏழாவது:
பவளக்கொடி, ஐம்பத்து மூன்று, கொழுந்து எடுப்பவள்.
கட்டத்தில் எழுதினேன்: தயாரிப்பு, போதாது.

திரையில் மழைக்குப் பிந்திய ஓடை.
டொக்டர் விதானகே குழாயை இழுத்துக்கொண்டார்.
சுத்தம் பண்ணாமல் வந்தால்
நான் எதைப் பார்ப்பது?

அதை நான் தமிழில் சொல்லவில்லை.
திரும்ப வரணுமாம் என்று மட்டும் சொன்னேன்.
அவள் கேட்டது:
"இன்னொரு பேரும் போகுமா, மிஸ்?"

மற்றதெல்லாம் வெளி வாங்கில்தான் வந்தது,
பாதி பாதியாய்.
துண்டுத்தாள் சிங்களத்தில்.
கடைக்காரப் பையன் வாசித்துச் சொன்னானாம்,
நாலு லீட்டரை நாலு கிளாஸ் என்று.
அதிலும் இரண்டோடு நிறுத்திவிட்டாள்.
லயத்தில் பன்னிரண்டு காம்பரா, கக்கூஸ் இரண்டு,
ஒன்றுக்குக் கதவில்லை.
பீலியில் ராவானால் தண்ணி நின்றுவிடும்.
போன கிழமைதான் கோடிக் காம்பராப் பக்கம்
புலி வந்து நாயைத் தூக்கியது.
"பதினைஞ்சு தரம் இருட்டில எப்படி மிஸ் போறது?"

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தாள் எழுதினேன்.
பெரிய எழுத்து. பதினாறு கிளாஸ் படம்,
குடிக்கக் குடிக்க ஒவ்வொன்றாய் வெட்டிவிட.
கீரை வேண்டாம். பீட்ரூட் வேண்டாம்.
வெறுந்தேத்தண்ணி குடிக்கலாம், பால் கூடாது.
பாதியை ராத்திரி, மீதியை விடியக்காலை.
பிறகு வார்ட் சிஸ்டரிடம் போய் நின்றேன்,
முதல்நாள் ராத்திரிக்கு ஓர் இடம் கேட்டு.
கட்டில் அல்ல நான் கேட்டது,
தாழ்ப்பாள்.

இந்த முறை அவளை முதலாவதாகப் போட்டேன்.
ஏழாவது ஆளுக்கு வரும்போது
விதானகேயின் தோள் தொங்கியிருக்கும்.
நல்ல மனிதர். கண் கண்தானே.

குழாய் உள்ளே போவது பார்ப்பதற்கல்ல.
கடைசி வரை போகவேண்டும்,
குடல்வால் வாசலைப் படம் பிடிக்கவேண்டும்,
பார்ப்பதெல்லாம் திரும்பி வரும் வழியில்,
ஒவ்வொரு மடிப்புக்கும் பின்னால்.
பவளக்கொடிக்கு இதை விளக்கவே வேண்டாம்.
ஓடி நிரை முடித்தவளின் கூடையை
தூக்காமலே சொல்வாள்.

குறைந்தது ஆறு நிமிடம்.
மூன்றாவதில் அவர் பாதிக்கு மேல் வந்துவிட்டார்.
வெளியே வாங்கு நிறைய ஆட்கள், மேசையில் அவர் போன்
நடுங்கி நடுங்கி நகர்ந்தது.
பதினொரு வருடமாய் நிமிடத்தை எழுதுகிறேன்,
வாயால் சொன்னதில்லை.

"மூன்று நிமிடம்தான், சேர்."
சிங்களத்தில், மரியாதையாக, தொண்டை வறண்டு.

திரும்பிப் பார்த்தார்.
மாஸ்க்குக்கு மேல் கோபமா என்று தெரியவில்லை.
குழாயை மறுபடி மேலே தள்ளினார்.
அவளை மல்லாத்தச் சொன்னார்.
வளைவு மெல்ல விரிந்தது.

மடிப்புக்குப் பின்னால்
மைசூர்ப் பருப்பை ஒட்டிவைத்த மாதிரி,
தட்டையாக, கிட்டத்தட்ட குடலின் நிறத்திலேயே.

கம்பி வளையம். ஒரு மூச்சு. போத்தல்.
ஒன்பது நிமிடம் என்று எழுதினேன்.

மயக்கம் தெளியாமலே கேட்டாள்:
"இந்தத் தரம் நான் சுத்தமா இருந்தேனா?"
கட்டத்தில் எழுதினேன்: நன்று.

கோப்பை மூடப்போய், மூடவில்லை.
பின்னால் பழைய தாள்கள்.
என் கையெழுத்து, என் கையெழுத்து,
போதாது, போதாது,
தோட்டத்துப் பெயர்கள் மட்டும்
வேறு வேறு.