மோரிப்பில் நீர் வற்றிய மதியம்

பந்திங்கிலிருந்து வேனில் பதினோரு பேர்,
ஒரு சட்டி மீகூன்.
வந்து இறங்கினால் கடலைக் காணோம்.

முழங்கால் சேறு,
துடுப்பை ஊன்றித் தத்தும் சேற்றுமீன்கள்,
எங்கோ தொலைவில் ஒரு வெள்ளிக் கோடு.
"அதுதான்" என்கிறான் யுகேந்திரன்,
தானே தள்ளி வைத்தவன்போல.

சிமெண்டுப் படியில் காத்திருந்தோம்.
செம்பனை முள் ஏறிய விரலைப்
பிதுக்கிக்கொண்டே கேட்டாள் பரிமளா:
"நம்ம காண் தண்ணியெல்லாம் இங்கதானே வருது?"

யாரும் வாய் திறக்கவில்லை.
பத்தாம் கட்டையில் அடித்த மருந்து,
ஆலைக் குட்டை, லங்காட் ஆறு...
எங்களில் பாதி
எங்களுக்கு முன்பே இங்கு வந்துவிட்டிருந்தது.

நாலரைக்குத் தண்ணீர் திரும்பியது,
கடன் கேட்க வந்தவன்
வாசலில் நிற்பதுபோல, சத்தமில்லாமல்.
கெட்டித் தேத்தண்ணி நிறம்.
பரிமளாதான் முதலில் முங்கினாள்.
"எரியுதுடி!" என்று கத்தினாள்,
மறுபடி முங்கினாள்.

கடல் இலவசம்.
உப்பைக் கழுவ ஐம்பது காசு;
குளியலறை வாசலில்
மேசை, தட்டு, உறங்கும் பெரியவர்.
யுகேந்திரனிடம் சில்லறை இல்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு
வேலைக்கு ஆள் ஏற்றும்போது பார்த்தேன்.
வேனின் கடைசி இருக்கையில்
அவன் உட்கார்ந்த அளவுக்கு
வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.
துடைக்காமல் விட்டேன்.