கடலுக்குப் போகாத நாள்

நாகர்கோவில் செஷன்ஸ் கோர்ட்டில்
சுருக்கெழுத்து வேலை எனக்கு. பதினேழு வருஷம்.
'சுருக்கு' என்ற சொல்லுக்கு
இந்தச் செவ்வாய்க்கிழமை வரை
வேறு பொருள் தோன்றியதில்லை.

அன்று மூன்று கட்டுகள்.

குலசேகரத்தில் ஒரு புகைப்புரை,
பதினொரு ரப்பர் ஷீட், ஈரம்கூடக் காயாதவை.
எடுத்தவன் ஞானசிகாமணி.
மேல்முறையீடு தள்ளுபடி, இரண்டு வருஷம் உறுதி.
ஷீட் ஒன்றுக்கு எத்தனை நாள் என்று
மேசை ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் பார்த்தேன்.
அறுபத்தாறு, சொச்சம்.

அடுத்தது தோவாளைப் பக்கத்துக் கல்குவாரி.
அனுமதி தாண்டிய ஆழம்,
நேரம் தாண்டிய வெடி,
இரண்டு பேர்.
ஒருவன் ஒடிசாக்காரன். அவன் பெயர்
மூன்று பக்கத்தில் மூன்று விதமாக இருந்தது.
மதுரையிலிருந்து சீனியர் ஒருவர் வந்திருந்தார்,
பின்னால் நான்கு ஜூனியர்.
கீழ்க்கோர்ட்டு கொடுத்த ஒரு வருஷம்
அபராதமாகக் கரைந்தது,
ஆளுக்குப் பத்தாயிரம்.
இதற்கு நான் வகுத்தல் போடவில்லை.

மதியத்துக்குப் பிறகு வின்சிலாஸ்.
முட்டத்துக்கு மேற்கே ஒரு கரை.
எஞ்சின் வாங்கிய பங்குக் காசில் தகராறு;
கூட்டாளி கிளீட்டஸையும்
குறுக்கே விழுந்த அவன் மகனையும்
வலை அறுக்கிற கத்தியால்.
பையனுக்குப் பதினாறு.
குற்றவாளி என்று திங்களன்றே சொல்லியாயிற்று.
இன்று, எவ்வளவு என்ற கேள்வி.

'அரிதிலும் அரிது' என்றார் அரசு வக்கீல்.
அதை எழுத எனக்கு ஒரே ஒரு வளைகோடு போதும்.
அடிக்கடி வரும் சொல்லுக்குத்தான்
நாங்கள் குறி வைத்துக்கொள்வது.

எதிர்த்தரப்புக்கு இலவச உதவியில் ஒரு பையன்,
தோளில் நிற்காத இரவல் கவுன்.
வயது என்றான், இரண்டு பெண்பிள்ளைகள் என்றான்,
முன்குற்றம் இல்லை என்றான்,
தாளைத் திருப்பினான்,
அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

ஐயா, கிளீட்டஸின் மனைவியைப் பார்த்தார்.
பிரிஜிலா, நீங்கள் எதாவது சொல்லணுமா?

வெகுநேரம் நின்றாள். மின்விசிறி சத்தம்.

"தூக்குலதான் போடுவியண்ணா
என்னைக்குண்ணு முன்கூட்டியே சொல்லணும் சாரே.
கரையில சாவுண்ணா நாங்க வள்ளம் எறக்கமாட்டோம்.
இவனும் எங்க கரைதான்.
ஞாயிறுண்ணா கொழப்பமில்ல, எப்படியும் போமாட்டோம்.
மத்த நாளுண்ணா
நாப்பத்திரெண்டு வள்ளம்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.
வழக்குக்குத் தேவையில்லாதது என்று
அரசு வக்கீல் எழுந்தார்.
ஐயா என் பக்கம் விரலை அசைத்தார்,
எழுத வேண்டாம்.
வின்சிலாஸ் கூண்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.
அதை எங்கே வைப்பதென்று
அவனுக்குத் தெரியவில்லை.

தீர்ப்பு வெள்ளிக்கிழமை.

வீட்டுக்குப் போகும் பஸ் சுசீந்திரத்தில் நிற்கும்.
கொதிக்கிற நெய்யில் கைமுக்கச் சொன்ன ஊர்.
துணி சுற்றி அனுப்பி
மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்களாம்.
வெந்த கை, பொய் சொன்ன கை.
அதற்கும் முன்னால், கதைப்படி,
இந்திரனே இறங்கினான் அந்த நெய்யில்,
மேனி மினுங்க எழுந்து வந்தான்.
தேவராஜனுக்கு
மதுரையிலிருந்து சீனியர் வந்திருக்க வேண்டும்.

புதன் ராத்திரி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.
பழைய தீர்ப்பொன்றைத் திறந்து
அதன்மேல் புதியதை அடிப்பது வழக்கம்;
பெயர், ஊர், தேதி மாற்றினால்
பாதி வேலை முடிந்தது.
கடைசிப் பத்தியில் போன ஆளின் வாசகம் அப்படியே,
'உயிர் பிரியும்வரை'.
அந்த 'வரை'யின் அடியில் கர்சர்
விட்டுவிட்டு மின்னுகிறது.

நோட்டைப் புரட்டினேன்.
அவள் சொன்னது இருக்கிறது.
ஐயாவின் விரல் அசையுமுன்னே
என் கை எழுதிவிட்டிருக்கிறது.
சாவுக்குக் குறி, கரைக்குக் குறி, நாளுக்குக் குறி.
வள்ளம் என்ற சொல்லுக்கு
என்னிடம் குறி கிடையாது.
பதினேழு வருஷத்தில் இந்தக் கோர்ட்டில்
அதை எழுத நேர்ந்ததில்லை போல.
முழுசாக,
புள்ளி வைத்த எழுத்தோடு,
எழுதியிருக்கிறேன்.