மூன்றாம் ஷிஃப்ட்

அகமதி சர்ச்சில் வெள்ளிக்கிழமை ஆராதனை.
ஏசி ஓடியும் பாஸ்டருக்கு வியர்த்தது.
அவியாத அக்கினி, அவியாத அக்கினி என்றார்.
முன்வரிசை ஆமென் சொன்னது.
நான் சொல்லவில்லை.
தூக்கமும் ஒரு காரணம்.

பதினோரு வருடமாக என் வேலை
ஃபிளேர் கம்பத்துத் தீயை அணையவிடாமல் பார்ப்பது.
ஷமால் காற்றடிக்கும் இரவில்
நாலு பைலட் சுடரில் மூன்று செத்துப்போகும்.
வால்வைத் திருகி, இக்னைட்டரைத் தட்டி
லாக்புக்கில் எழுதுவேன்:
02.40. மறுபடி எரிகிறது.

தானாய் அவியாத தீயை
இன்றுவரை நான் கண்டதில்லை, பாஸ்டர்.
அங்கே நைட் ஷிஃப்ட் யார்?

நரகம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
அனுப்ப எனக்கும் ஓர் ஆள் உண்டு.
ஏஜெண்ட் ஜெபஸ்டின்.
பெரியதாழை குரூஸ் மிக்கேலின் பாஸ்போர்ட்டை
இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொண்டு
தாயின் அடக்கத்துக்கு விடாதவன்.
ஒன்பதாம் நாள் கேம்பில்
குரூஸை இறக்கியவர்களில் நானும் ஒருவன்.
தன்னை மாய்த்தவனுக்கும் அதே இடம்தான் என்றார்
சபைச் செயலாளர், காபியை ஆற்றிக்கொண்டே.
இருவருக்கும் ஒரே தீயா?

ஜெபஸ்டினுக்காக வால்வு திருக நான் தயார்.
ஓர் இரவு, ஒரு மாதம்,
ஓவர்டைம் கேட்காமல் ஒரு வருடம்கூட.
நூறாம் வருடம் ஒருநாள்
தண்ணி என்பானே,
அப்போது இந்தக் கை என்ன செய்யுமோ.

எட்டு மணிக்கு பஸ்.
இன்றைக்கும் காற்று உண்டாம்.

ஆண்டவரே, உம் லாக்புக்கைக் கொஞ்சம் காட்டும்.
02.40-க்கு நேரே
என்ன எழுதுகிறீர்?